யாப்பகூவாக் கோட்டை: மீளமைப்பும் வாசிப்பும் – ஒரு விமரிசன நோக்கு

பழந்தமிழ் நூலொன்றைத் திறனாய்வு செய்யப் புகுவோர், அதன் மூலபாடம் யாது, இடைச்செருகல் யாது, பதிப்பாசிரியர் திருத்தியது யாது என்னும் வினாக்களை முதற்கண் எழுப்புவர். ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த எந்நூலுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோரின் பதிப்புப் பணியை மதிப்பிடுவோர், அவர்கள் எதைத் தந்தனர் என்பதோடு எவ்வாறு தெரிந்தெடுத்தனர் என்பதையும் ஆராய்கின்றனர். இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டு மக்கள் பார்வைக்கு விடப்பட்டுள்ள பழைய கோட்டையும் ஒருவகையிற் பதிப்பிக்கப்பட்ட பாடமேயாகும். அங்கும் தெரிவுண்டு; விடுபாடுண்டு; உரையாசிரியரின் குரலுமுண்டு. ஆயினும் நூலுக்குரிய விமரிசன விழிப்பு கல்லுக்கு வழங்கப்படுவதில்லை. கோட்டையைக் காணச் செல்வோர் அதனைக் கண்கூடான வரலாறென்றே கொள்கின்றனர். யாப்பகூவாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்நிலையினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்வுக்கு மலையகத்தை நோக்குநிலையாகக் கொள்வது பொருத்தமுடையது. வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவை ஆகிய தேயிலைப் பிரதேசங்களைச் சேர்ந்த தோட்டப் பாடசாலை மாணவர் ஒருவர் கல்விச் சுற்றுலாவாக வடமேல் மாகாணத்துக்குச் சென்று இக்கோட்டையின் படிகளில் ஏறுவாராயின், அவருக்கு அங்கு சொல்லப்படும் வரலாற்றில் அவருடைய இடம் யாது என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காணாத எந்த வாசிப்பும் குறையுடையதே.

கோட்டையின் வரலாறு

மாகோ நகருக்கு அண்மையில், சமநிலத்தினின்று ஏறத்தாழ 300 அடி உயர்ந்து நிற்கும் தனிப்பாறையே யாப்பகூவாவாகும். பாறையின் அடிவாரத்திலே இரு அகழிகளும் இரு மதில்களும் வளைந்து நகரைச் சூழ்ந்தன. பொலன்னறுவையைக் கைப்பற்றி 1215 முதல் ஆட்சி செலுத்திய கலிங்க மாகனின் காலத்தில், சுபன் என்னும் சேனாதிபதி இப்பாறையை அரணாக்கினான் எனச் சூளவம்சம் கூறும். சுபகிரி என்னும் பெயர் அவனாலேயே வந்ததென்பர். தம்பதெனியாவிலிருந்து 1236 முதல் 1270 வரை ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகுவின் காலத்தில் இதன் முக்கியத்துவம் பெருகிற்று. அவனுக்குப்பின் அரசனான நான்காம் விசயபாகு, மித்தன் என்னும் தன் சேனாதிபதியாற் கொல்லப்படவே, தம்பியாகிய முதலாம் புவனேகபாகு யாப்பகூவாவிற் புகலடைந்தான். 1272 முதல் 1284 வரை அவன் இதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்டான்.

புவனேகபாகு இறந்தபின் நாட்டிற் பஞ்சம் தோன்றியது. அக்காலை, மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆணைப்படி ஆரியச்சக்கரவர்த்தி என்னும் தலைவன் படையோடு வந்து, யாப்பகூவாவினுட் புகுந்து, புத்தரின் தந்ததாதுவையும் செல்வங்களையும் பாண்டி நாட்டுக்குக் கொண்டு சென்றான். இந்நகர் அதன்பின் தலைநகராக விளங்கவில்லை. பாறையடிவாரம் துறவிகளின் உறைவிடமாயிற்று. 1910–1911 ஆம் ஆண்டுகளில் எச். சி. பி. பெல் அகழ்வு நடத்தியதோடு கோட்டை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. தொல்பொருட் திணைக்களத்தினர் மேற்கொண்ட பேணற் பணிகளின் பயனாக, இன்று வருவோர் அலங்காரப் படிக்கட்டையும், அதன் இருமருங்கும் அமர்ந்துள்ள சிங்கங்களையும், ஆடல் மகளிரும் இசைவாணரும் செதுக்கப்பட்ட வரிசைகளையும் காண முடிகின்றது.

பொதுவாக வழங்கும் சுருக்கக் கதை இவ்வளவினுள் அடங்கிவிடும். சிங்கள அரசன் அரணமைத்தான், தமிழ்ப் படை வந்தது, தலைநகர் வீழ்ந்தது. மூன்று வாக்கியங்களில் அமைந்த இக்கதை பிழையான செய்திகளால் ஆனதன்று. எனினும், உண்மைச் செய்திகளிற் சிலவற்றை மட்டும் தொடுத்துப் பிழையான முடிவொன்றுக்கு வாசகரை இட்டுச் செல்லலாம் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று கிடைத்தலரிது.

இரு உரைகளும் அவற்றின் குறைபாடும்

கோட்டைக்கு இன்று இரண்டு உரைகள் வழங்குகின்றன. ஒன்று, அந்நியத் தமிழரால் அழிக்கப்பட்ட சிங்களப் பெருமையின் சின்னம் இதுவென்பது. மற்றையது, படிக்கட்டின் சிற்ப வேலைப்பாடு தென்னிந்தியக் கலைமரபைக் காட்டுவதால் இது தமிழரின் கைவண்ணமென்பது. முன்னையது இழப்பைச் சொல்லிப் பகையை வளர்க்கிறது. பின்னையது உரிமையைச் சொல்லித் தன்னிறைவு அடைகிறது. இரண்டும் ஒரே அடிப்படையிலேயே எழுந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மாந்தரை இருபதாம் நூற்றாண்டின் இனப் பட்டியலிற் பெயர் பதிந்துவிடுவதே அவ்வடிப்படையாகும்.

மூலச்சான்றுகள் இதற்கு இடங்கொடுப்பதாயில்லை. சாவக மன்னனான சந்திரபானு, மலாய்த் தீபகற்பத்துத் தாம்பிரலிங்கத்திலிருந்து 1247 இல் இலங்கைமீது படையெடுத்தான். அவன் தேரவாத பௌத்தன். இரண்டாம் முறை வந்தபொழுது பாண்டிய, சோழ நாட்டு வீரர்களைத் திரட்டி மாதோட்டத்தில் இறங்கி, சுபகிரியிற் பாசறை அமைத்துத் தந்ததாதுவைக் கேட்டான் எனச் சூளவம்சம் கூறுகின்றது. ஆகவே யாப்பகூவாவின் முன்னே பௌத்த அரசன் ஒருவன் தமிழ் வீரர்களுடன் நின்று, பௌத்தச் சின்னமொன்றுக்காகப் பௌத்த அரசுடன் போரிட்டான். இச்சாவகனைத் தமிழ் அரசனான சடையவர்மன் வீரபாண்டியன் வென்றமையைக் குடுமியான்மலைச் சாசனம் எடுத்துரைக்கும். ஒரே பத்தாண்டிலே தமிழ் வீரர் சாவகனின் படையிலும் இருந்தனர். அவனை வீழ்த்திய படையிலும் இருந்தனர்.

கோட்டையினுள்ளும் இதே நிலைதான். நான்காம் விசயபாகுவைக் கொன்ற மித்தனுக்கு எதிராக எழுந்தவர்கள், கூலிப்படையினராகப் பணியாற்றிய ஆரிய சத்திரியர் எனப்படும் வடஇந்திய வீரர்களாவர். அவர்களின் தலைவனான தாகுரகன் மித்தனின் தலையைக் கொய்த பின்னரே புவனேகபாகுவுக்கு அரசுரிமை உறுதியாயிற்று. அவனோ 1283 இல் எகிப்திய மம்லுக் சுல்தானிடம் கைரோவுக்குத் தூதனுப்பி வாணிக உறவு நாடினான். பெல் நடத்திய அகழ்வில் சீன நாணயங்களும் சீன மட்பாண்டத் துண்டுகளும் வெளிப்பட்டன. படிக்கட்டின் சிற்பங்களைத் தென்னிந்திய மரபோடு ஒப்பிட்டோரைப் போலவே காம்போசக் கலையோடு ஒப்பிட்டோரும் உளர். இந்து மாசமுத்திரத்தின் வாணிகப் பாதைகளோடு பின்னிப் பிணைந்திருந்த அரசொன்றின் தலைநகரை ஓரினத்தின் தனிச்சொத்தாக்குவது அதன் வரலாற்றுப் பெருமையைக் குறைப்பதேயன்றிக் கூட்டுவதன்று.

சுருக்கக் கதை விட்டுவிடும் இன்னொரு செய்தியும் மனங்கொளத்தக்கது. கொண்டு செல்லப்பட்ட தந்ததாதுவை மூன்றாம் பராக்கிரமபாகு போரினால் மீட்டானல்லன். அவன் நேரே பாண்டி நாட்டுக்குச் சென்று, குலசேகரனோடு நட்புரையாடி, அதனைப் பெற்று மீண்டான் எனச் சூளவம்சமே கூறுகின்றது. கவர்ந்து சென்ற செய்தி கோட்டையைக் காண்போர் யாவருக்கும் தெரிந்திருக்கின்றது. பேசிப் பெற்ற செய்தி அரிதாகவே சொல்லப்படுகின்றது. இரண்டும் ஒரே நூலில், அடுத்தடுத்து உள்ளன. ஒன்றை எடுத்து மற்றொன்றை விடுதல் உரையாசிரியரின் தெரிவேயாகும்.

மீளமைப்பின் அரசியல்

மீளமைப்பு என்னும் செயல் உலகெங்கும் இத்தகைய தெரிவுகளாலேயே ஆனது. பிரான்சின் தென்பகுதியிலுள்ள கார்க்கசோன் கோட்டையை 1853 முதல் வியோலே-லெ-டுக் என்னும் கட்டடக் கலைஞர் மீளமைத்தார். அவர் கோபுரங்களின்மீது அமைத்த கூம்புவடிவக் கற்பலகைக் கூரைகள் அந்நாட்டின் வடபகுதிக்கே உரியவையெனப் பலர் கண்டித்தனர். அக்கோட்டையின் இரு மதில்களுக்கும் இடைப்பட்ட வெளியிலே ஏழைமக்கள் வீடமைத்து வாழ்ந்திருந்தனர். மத்தியகாலத் தோற்றத்தை மீட்பதற்காக அவ்வீடுகள் அகற்றப்பட்டன. கல் தன் பழைய நிலையை அடைந்தபொழுது மாந்தர் தம் நிலையை இழந்தனர். பழைய கட்டடத்தை மீளமைப்பது அதனை அழிப்பதற்கு ஒப்பானதென ஜோன் ரஸ்கின் 1849 இலேயே வாதிட்டமையும் ஈண்டு நினைவுகூரற்பாலது.

இவ்விவாதங்களின் விளைவாக 1964 இல் உருவான வெனிஸ் சாசனம் மூன்று நெறிகளை வகுத்தது. ஊகம் தொடங்குமிடத்தில் மீளமைப்பு நிற்றல் வேண்டும். புதிதாகச் சேர்க்கப்பட்டது மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாய் இருத்தல் வேண்டும். எல்லாக் காலத்தவரின் பங்களிப்பும் மதிக்கப்படல் வேண்டும். இவற்றை ஒரு பதிப்பாசிரியர் பின்பற்றவேண்டிய நெறிகளாகவும் கொள்ளலாம்.

செஞ்சிக் கோட்டை மூன்றாவது நெறியின் இன்றியமையாமையைத் தெளிவுபடுத்துகின்றது. விசயநகரத்தார் காலத்து நாயக்கர், பிஜப்பூர்ச் சுல்தான்கள், 1677 இல் சிவாஜி, எட்டாண்டு முற்றுகையின் பின் 1698 இல் மொகலாயர், 1750 இல் பிரெஞ்சுக்காரர், 1761 இல் ஆங்கிலேயர் எனப் பலர் அதனை ஆண்டனர். 2025 இல் யுனெஸ்கோ அதனை மராட்டிய இராணுவ நிலவமைப்புகள் என்னும் தொகுதியின் பன்னிரு கோட்டைகளுள் ஒன்றாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மராட்டியர் ஆண்டதோ இக்கோட்டையின் நெடு வரலாற்றில் இரு தசாப்தங்களேயாகும். தமிழ்ப் பொதுமக்களின் நினைவில் நிற்பவனோ, 1714 இல் ஆற்காட்டு நவாபுடன் போரிட்டு இறந்த தேசிங்கு ராசன். பெரிய எழுத்துக் கதைப்பாடல்கள் அவனையும் அவனுடைய முஸ்லிம் நண்பனையும் ஒருங்கே போற்றின. ஆவணம் ஒரு காலத்தைத் தெரிந்தது. பட்டியல் இன்னொரு காலத்தைத் தெரிந்தது. மக்களின் பாடல் நட்பைத் தெரிந்தது. கோட்டையின் பொருளைத் தீர்மானிப்பது கல்லன்று, தெரிவோரின் தேவையே என்பது இதனாற் பெறப்படும்.

யாப்பகூவாவில் இத்தெரிவு எங்ஙனம் செயற்படுகின்றது? பாறைக் குகைகளிலே கிறிஸ்துவுக்கு முற்பட்ட பிராமிச் சாசனங்கள் உள்ளன. அடிவாரத்துக் குகைக் கோயிலிற் கண்டிக்காலத்து ஓவியங்கள் உள்ளன. இரண்டாயிரம் ஆண்டு வாழ்வில் ஏறத்தாழப் பன்னீராண்டே இது தலைநகராய் விளங்கிற்று. ஆயினும் காண்போரின் கவனம் முழுவதும் அப்பன்னீராண்டின் அலங்காரப் படிக்கட்டின்மீதே குவிகின்றது. படிக்கட்டின் உச்சியிலுள்ள கட்டடம் அரண்மனையா, தந்ததாதுக் கோயிலா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு. இவ்வையப்பாடு காண்போர்க்கு உரைக்கப்படுமாயின் அவர்கள் சிந்திக்கத் தொடங்குவர். ஐயத்தை மறைத்து உறுதியை மட்டும் வழங்கும் விளக்கம், பாடபேதத்தைக் காட்டாத பதிப்பைப் போன்றதே.

இவற்றினும் பெரிதான விடுபாடு வர்க்கஞ் சார்ந்தது. கருங்கல் எஞ்சியது, களிமண் எஞ்சவில்லை. அரசன் ஏறிய படி நிற்கின்றது; அப்படியைச் செதுக்கியவனின் குடிசை நிற்கவில்லை. இரு அகழிகளைத் தோண்டவும், பாறாங்கற்களை ஏற்றவும் எத்தனை பேரின் உழைப்புத் தேவைப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தலே போதுமானது. நிலத்தை அனுபவிப்போர் அரசனுக்கு உடலுழைப்பாற் கடன் செலுத்தும் இராசகாரிய முறையே இத்தகைய பணிகளுக்கு அடிப்படையாக விளங்கியது. அவ்வுழைப்பாளர் பேசிய மொழி யாது என்று வாதிடுவோர், அவர்கள் உழைத்த நிலைமை யாது என்று கேட்பதில்லை.

மலையகத்திலிருந்து நோக்குகையில்

இந்நிலையிலேயே வலப்பனை மாணவரின் வினாவுக்குத் திரும்புதல் வேண்டும். சந்திரபானுவின் படை இறங்கிய மன்னார்க் கரையிலேயே, ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளின் பின்னர், தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களைச் சேர்ந்த மக்கள் கங்காணிமாரின் பின்னால் வந்திறங்கினர். வாளேந்தி வந்தவரல்லர் அவர், கடனேந்தி வந்தவர். தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காடுகளைக் கடந்து நடந்து, முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் மலைகளைத் திருத்தினர். வழியிற் பலர் இறந்தனர். சுருக்கக் கதையோ ‘இந்தியாவிலிருந்து வந்த தமிழர்’ என்னும் ஒரே சொற்றொடரினுள் ஆரியச்சக்கரவர்த்தியின் படையினனையும் கொழுந்து பறிக்கும் பெண்ணையும் அடக்கிவிடுகின்றது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்பதாக ஒத்திவைத்தது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சட்டரீதியாக நாடற்ற நிலை முடிவுக்கு வந்ததெனினும், வந்தேறிகள் என்னும் கண்ணோட்டத்தைச் சட்டத்தால் மட்டும் அகற்ற இயலாது. பழைய கோட்டையொன்றின் விளக்கம் அக்கண்ணோட்டத்துக்குத் துணைபோகுமாயின், அது கடந்தகாலம் பற்றிய தவறாக மட்டும் நின்றுவிடாது. நிகழ்காலத்தில் வாழும் மாந்தருக்கு இழைக்கப்படும் அநீதியுமாகும்.

வலப்பனைக்கும் தனக்கெனப் பழைமையுண்டு. அதனை அடுத்துள்ள ஹங்குராங்கெத்தையில் இரண்டாம் இராசசிங்கன் அரண்மனை அமைத்து வாழ்ந்தான். 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர் அவ்வரண்மனையை அழித்தனர். அதன் எஞ்சிய கற்கள் பின்னர் விகாரையொன்றுக்குப் பயன்பட்டன. அக்கிளர்ச்சியில் வலப்பனைச் சிங்களக் கிராமங்களும் பெருந்துன்பமுற்றன. 1840 ஆம் ஆண்டு நிலச் சட்டத்தினால் மலைச் சரிவுகள் முடிக்குரிய நிலங்களாக்கப்பட்டுத் தோட்டக்காரர் கைக்குச் சென்றன. கீழே வயற்படிகளில் உழைத்த சிங்கள விவசாயியும், மேலே தேயிலை மலையில் உழைத்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே ஆதிக்கத்தின் இருவேறு விளைவுகளாவர். யாப்பகூவாவின் சுருக்கக் கதை இவ்விருவரையும் பரம்பரைப் பகைவராகக் காட்டுகின்றது. வலப்பனையின் மலைச்சரிவோ இருவரும் இழந்தவற்றைக் காட்டுகின்றது.

தேயிலைத் துறையும் இன்று மீளமைப்புக்கு உள்ளாகின்றது. கந்தப்பளையிலுள்ள ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் உல்லாச விடுதியாக்கப்பட்டது. ஹந்தானையிலே தேயிலை நூதனசாலையுண்டு. இவற்றில் இயந்திரங்கள் துலக்கி வைக்கப்பட்டுள்ளன. துரைமாரின் வாழ்க்கை நினைவுகூரப்படுகின்றது. கம்பளைக்கு அண்மையிலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்திலோ பழைய லயமொன்று தொழிலாளர் அருங்காட்சியகமாக்கப்பட்டு, அம்மக்கள் பாவித்த வீட்டுப் பொருட்களும் தொழிற் கருவிகளும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அரசரின் படிக்கட்டுக்கு வழங்கப்படும் மதிப்பை ஒரு காம்பராவின் அடுப்படிக்கும் வழங்கலாம் என்பதை இம்முயற்சி நிலைநாட்டுகின்றது. எனினும் இங்கும் விமரிசன விழிப்பு வேண்டும். அருங்காட்சியகமான லயத்தைப் பார்த்து முடித்தவர், லய வாழ்க்கை முடிந்துபோன கதையென எண்ணிவிடலாகாது. வலப்பனையிலும் இராகலையிலும் அத்தகைய லயங்களிலே இன்றும் மக்கள் வாழ்கின்றனர். இடிந்த கோட்டைக்குத் தேவை பேணுதல். இடிந்து கொண்டிருக்கும் லயத்தில் வாழ்வோர்க்குத் தேவை காணியும் வீடுமாகும். இவ்விரண்டையும் மயங்கவைக்கும் அழகுணர்ச்சி மக்கள் சார்பானதாகாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், கோட்டையைக் காணச் செல்லுதல் பயனற்றதென்பது பெறப்படாது. யாப்பகூவாவின் படிக்கட்டு இந்நாட்டின் சிற்பக்கலைச் செல்வங்களுள் ஒன்றென்பதில் ஐயமில்லை. துளைத்த கற்பலகையாலான அதன் சாளரமொன்று கொழும்பு தேசிய நூதனசாலையிற் பேணப்படுகின்றது. ஒரே கல்லில் வட்டம் வட்டமாகத் துளைத்து ஒவ்வொன்றினுள்ளும் உருவமமைத்த அச்சிற்பியின் பொறுமை எந்த இனத்தவரையும் வியக்கவைக்கும். அவ்வியப்பை மூன்று வாக்கியங்களாலான பகைமைக் கதைக்கு அடகுவைத்தலே தவிர்க்கற்பாலது.

ஆகவே மீளமைக்கப்பட்ட கோட்டையைத் திறனாய்வு செய்யும் மாணவர் நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று. எக்காலம் தெரியப்பட்டது, எக்காலம் விடப்பட்டது? எது மூலம், எது பின்னர்ச் சேர்க்கப்பட்டது? யாருடைய உழைப்பு இங்கு பெயரின்றி நிற்கின்றது? இங்கு சொல்லப்படும் கதையினால் இன்று யார் நன்மையடைகின்றனர், யார் தாழ்வடைகின்றனர்? தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் ஒரே படியில் நின்று ஒருவரையொருவர் நோக்கி இவற்றைக் கேட்டல் வேண்டும்.

யாப்பகூவாவின் கல்வரிசைகளில் மத்தளக்காரனும் ஆடல்மகளும் பெயரின்றி நிற்கின்றனர். அரசனின் பெயர் நூலில் உண்டு. அவனுக்காக முழக்கியவனின் பெயர் எங்கும் இல்லை. விடியற்காலையிலே தப்படித்துத் தோட்டத்தைப் பெரட்டுக்கு எழுப்பிய கலைஞனின் நிலையும் அதுவே. வலப்பனை மாணவர் அக்கல்வரிசையின் முன் நிற்கையில் தம் உறவினரைக் காண விரும்புவாராயின், ஆரியச்சக்கரவர்த்தியின் படையிலே தேடவேண்டியதில்லை. மத்தளத்தைத் தாங்கி நிற்கும் அந்தக் கையிலே காணலாம்.